பித்தம்னு சொல்லி முடிச்சிடாதீங்க

பயிரில் இலை மஞ்சளானால் நாம் உடனே எதையும் தூக்கித் தெளிப்பதில்லை. அடி இலை வெளுத்திருக்கா, குருத்து வெளுத்திருக்கா என்று பார்க்கிறோம். நரம்பு மட்டும் பச்சையா நிக்குதா, வயலில் தண்ணீர் தேங்கியிருக்கா, வேரில் நூற்புழு முடிச்சு இருக்கா என்று பிடுங்கியே பார்க்கிறோம். இலை மஞ்சளாவது நோய் இல்லை, அது ஒரு அறிகுறி. அதுக்குப் பின்னாடி பத்து காரணம் இருக்கலாம் என்பது இயற்கை விவசாயத்துக்கு வந்தவர்கள் முதலில் கற்றுக்கொள்கிற பாடம்.

அதே நாம், களை வெட்டிக்கொண்டிருக்கிற ஒரு அக்கா கண் இருட்டி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்கிறோம்? "பித்தம் ஏறிப்போச்சு." "காலையில சாப்பிடாம வந்திருப்பீங்க." "வெயில் ஜாஸ்தி." ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். முகத்தில் தண்ணீர் அடித்து, ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம். பிறகு களைக்கொத்து மறுபடியும் கைக்குப் போகிறது. அடுத்த வாரம் அவரே திரும்பவும் மயங்கினால், "அவுங்களுக்கு அப்படித்தான், அடிக்கடி வரும்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

அடிக்கடி வருகிற மயக்கம் யாருக்கும் "அப்படித்தான்" இல்லைங்க. அதுக்குக் காரணம் உண்டு. பெரும்பாலான காரணங்களுக்கு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வழியும் உண்டு. காரணத்தில் பாதி உடம்பில் இருந்தால், மீதிப் பாதி நம் தோட்டத்தில் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் உடம்பில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். மூளைக்குப் போகிற ரத்தம் சில நொடிகள் குறைந்தாலே நினைவு தப்பும். கீழே விழுந்து உடம்பு படுத்த நிலைக்கு வந்ததும் ரத்தம் தலைக்குத் திரும்பும், ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். அதனால்தான் படுக்க வைத்துக் காலை உயர்த்துவது முதல் வைத்தியம். தூக்கி உட்கார வைப்பதும், நாலு பேர் கைத்தாங்கலாக நிறுத்தி நடக்க வைப்பதும் தப்பு.

ரத்தம் ஏன் குறைகிறது? தோட்டத்து வேலையில் வருகிற காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தண்ணீர்

குனிந்தே களை எடுத்தவர் சட்டென்று நிமிர்ந்தால் ரத்தம் காலில் தங்கி, கண் இருட்டும். உடம்பில் தண்ணீர் குறைவாக இருந்தால் இது இன்னும் மோசமாகும். சித்திரை வெயிலில் வேலை செய்கிற உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்வையாக இழக்கும். ஆனால் நம் தோட்டத்துக்கு வருகிற பெண்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பல பேர் வேண்டுமென்றே குடிப்பதில்லை. ஏன் என்று என் வீட்டுக்காரம்மா கேட்டபோது கிடைத்த பதில் இது: "குடிச்சா ஒதுங்கோணும். உங்க தோட்டத்துல எங்கீங்க ஒதுங்கறது?"

இந்தக் கேள்விக்குப் பித்தத்தில் பதில் இல்லை. சுத்தியும் திறந்த காடு, பக்கத்தில் ஆண்கள் வேலை செய்கிறார்கள், ரோட்டில் வண்டி போகிறது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பிப் போகும் வரை அடக்கிக்கொள்கிறார்கள். தாகத்தையும் அடக்கிக்கொள்கிறார்கள். அதன் விலைதான் மயக்கம், நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று.

வெயில்

வெயில் மயக்கத்தில் இரண்டு படி உண்டு. உடம்பெல்லாம் வியர்த்து, தலை சுற்றி, குமட்டி, சோர்ந்து விழுந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தால் முதல் படி. நிழல், காற்று, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் மீண்டுவிடுவார். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு முக்கியம். உப்பு கூடினால் கெடுதல்.

பேச்சு குழறுகிறது, சம்பந்தம் இல்லாமல் உளறுகிறார், உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றால் அது இரண்டாவது படி. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்ட நிலை. உயிர் போகும். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் மோட்டார் தண்ணீரையே உடம்பு முழுக்க ஊற்றுங்கள். ஈரத்துணியைக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள், விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் பயணம்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் வேலை செய்யும் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவது, குழந்தை இறந்து பிறப்பது ஆகிய ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் தோட்டத்தில் மயங்கி விழுவது ஒரு உயிர் மட்டும் இல்லாமலும் இருக்கலாம்.

ரத்தம்

தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. பத்துப் பெண்கள் களைக்கு வந்தால் ஐந்து பேருக்கு ரத்தம் போதாது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது, ஆணுக்கு 13. பெண்களுக்கு எட்டுக்குக் கீழே போனால் கடுமையான சோகை. நடந்தால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், எழுந்தால் கண் இருட்டும்.

எங்கள் தோட்டத்துக்கு வருகிற ஒரு அக்கா, நாற்பது வயது இருக்கும். இரண்டு மாதத்தில் மூன்று தடவை மயங்கினார். அதுக்கு முன்னாடி ஒரு வருசமாக எல்லா இடத்திலும் பித்தம் என்று சொல்லி, இஞ்சிச் சாறும் தேனும் குடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா கூட்டிப் போய் ரத்தம் பார்த்தால் 7.2. கீரை சாப்பிடாமலா இருந்தார்? எங்கள் வேலியில் முருங்கை பறித்துக்கொண்டுதான் போவார். காரணம் வேறு. மாதவிலக்கில் பத்து நாள் வரை போக்கு, மூன்று வருசமாக. கருப்பையில் கட்டி. யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அரசு மருத்துவமனையில் இரும்புச்சத்து ஊசி போட்டு, கட்டிக்கும் வைத்தியம் பார்த்த பிறகு மயக்கம் நின்றது.

ரத்தசோகை என்று தெரிந்த பிறகும், ரத்தம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பெண்களுக்கு மாதவிலக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் குடல்புண், மூலம். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு. அது பாதத்தின் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். திறந்தவெளியில் மலம் கழிக்கிற இடங்களில்தான் இந்தப் புழு பெருகும். கழிப்பறையும் செருப்பும் ரத்தத்துக்கு மருந்து என்று சொன்னால் அது மிகையில்லை. புழு மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்.

சாப்பாட்டைப் பற்றி நம் இதழ் படிக்கிறவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பு, கேழ்வரகு, எள், கீரை எல்லாம் நல்லதுதான். ஆனால் செடியிலிருந்து வருகிற இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே நெல்லிக்காயோ, கொய்யாவோ, எலுமிச்சையோ சேர்ந்தால் அதிகம் எடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் எடுக்கவிடாமல் தடுக்கும். கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் நல்ல வழி. ஆனால் 7, 8 என்று இறங்கிவிட்ட ரத்தத்தைக் கீரையால் மட்டும் ஏற்ற முடியாது. மாத்திரையோ ஊசியோ வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போகும், பயந்து நிறுத்தக் கூடாது. ரத்தம் சரியான அளவுக்கு ஏறிய பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். சித்த மருத்துவத்தில் அன்னபேதிச் செந்தூரம் உண்டு. அதையும் மருத்துவர் அளவு சொல்லித்தான் சாப்பிட வேண்டும். எந்த வழி போனாலும் முன்னாடியும் பின்னாடியும் ரத்தத்தை அளந்து பாருங்கள். மண்ணுக்குப் பரிசோதனை செய்கிற நாம் மனிதருக்கும் செய்யலாம்.

மாத்திரை

ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் காட்டுக்கு வந்து பாடுபட்டால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பசி எடுக்கும், பிறகு நினைவு தப்பும். 70-க்குக் கீழே போனால் ஆபத்து. விழுங்க முடிகிறவருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. ரத்தக் கொதிப்பு மாத்திரைகளிலும் நீர் பிரிக்கிற வகை உண்டு. வெயில் காலத்தில் அதுவே மயக்கத்தைக் கொண்டுவரும். நாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார்.

நஞ்சு

இங்கேதான் நம்மில் சிலருக்கு ஒரு அசட்டுத் துணிச்சல். "நாம மருந்தே அடிக்கறதில்லையே" என்று. நேற்று பக்கத்துத் தோட்டத்தில் பூச்சிக்கொல்லி அடித்தவர்தான் இன்று நம்மிடம் கூலிக்கு வருகிறார். தோல் வழியாக ஏறிய நஞ்சு சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும். கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்குவது, வாயில் எச்சில் வடிவது, அளவில்லாத வியர்வை, வாந்தி, தசைத் துடிப்பு இதெல்லாம் அடையாளம். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது நாடறிந்த செய்தி. துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

நம் கரைசல்களையும் சொல்லியாக வேண்டும். அக்னி அஸ்திரத்தில் புகையிலை போடுகிறோம். புகையிலையின் நிகோடின் ஈரத்தோல் வழியாக உள்ளே போகும். ஈரமான புகையிலை இலையைப் பறிக்கிற தொழிலாளிகளுக்கே குமட்டல், வாந்தி, தலைசுற்றல் வரும். சிலர் இலைக் கரைசலில் அரளியும் ஊமத்தையும் சேர்க்கிறார்கள். அரளி இதயத் துடிப்பையே குழப்பும், ஊமத்தை புத்தியைக் குழப்பும். மாடு தொடாத இலை மனிதனை மட்டும் விட்டுவிடுமா? இயற்கையில் வந்தது எல்லாம் அமுதம் இல்லை. மூடிய அறையில் காய்ச்சாதீர்கள், வெறுங்கையால் பிழியாதீர்கள், காற்றுக்கு எதிராக நின்று தெளிக்காதீர்கள். கையுறை, முகத்துணி, முழுக்கைச் சட்டை நமக்கும் வேண்டும்.

கிணறும் சாண எரிவாயுக் குழியும் தனி ஆபத்து. நாள்பட்ட கிணற்றிலோ குழியிலோ இறங்கியவர் மயங்கினால், காப்பாற்ற என்று பின்னாடியே இறங்காதீர்கள். உள்ளே உயிர்க்காற்று இல்லை அல்லது நச்சுக் காற்று இருக்கிறது என்றுதான் அர்த்தம். இறங்கியவரும் திரும்ப மாட்டார். முதலில் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். இடுப்பில் கயிறு கட்டாமல் யாரையும் இறக்காதீர்கள். கயிறு இருந்தால்தான் மேலிருந்தே இழுக்க முடியும்.

வலிப்பும் இதயமும்

விழுந்தவருக்குக் கை கால் வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்து, சிறுநீர் போய், தெளிந்த பிறகும் கொஞ்ச நேரம் குழப்பமாக இருந்தால் அது வலிப்பாக இருக்கலாம். சாவிக்கொத்தோ இரும்போ கையில் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. வாயில் ஸ்பூன் வைத்தால் பல்தான் உடையும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் இருக்கிற அரிவாள், கல்லை அகற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்தால் 108. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு வலிப்பு அடங்கிவிடும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மரம் ஏறுவது, கிணற்றடி, டிராக்டர் எல்லாம் வேண்டாம்.

பாடுபடும்போதே மயங்குவது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தடாலென்று விழுவது, விழுவதற்கு முன் நெஞ்சு படபடப்பது அல்லது வலிப்பது, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருப்பது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஒரு மயக்கம் கடைசி எச்சரிக்கையாக இருக்கலாம்.

எந்த மயக்கமானாலும் ஒரு விதி பொது. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர், சோடா, கசாயம் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் போய்விடும். இரண்டு நிமிடத்தில் தெளியவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சே இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாக அழுத்தத் தொடங்குங்கள், வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

நம்ம பொறுப்பு

"கூலி கொடுக்கவே கட்டுப்படியாகலை, இதுல இதெல்லாம் வேறயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். விலை கிடைக்காத கஷ்டம் எனக்கும் தெரியும். நான் கேட்பது பெரிய செலவு இல்லைங்க. நாலு தென்னந்தடுக்கு கட்டிய மறைப்பு, ஒரு குழி, பக்கத்தில் ஒரு வாளி, சாம்பல். வரப்போரம் இரண்டு பானை தண்ணீர், ஒரு தூக்கு மோர். கோடையில் ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பதினொரு மணிக்குள் வேலையை முடிப்பது. வேலைக்கு முன் எல்லோரும் சாப்பிட்டாச்சா என்று ஒரு கேள்வி. மயங்கியவருக்கு அன்றைய கூலியைப் பிடிக்காமல் முழுசாகக் கொடுத்து அனுப்புவது. கூலி போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் தலைசுற்றலைச் சொல்லாமலே வேலை செய்கிறார்கள்.

"அந்தக் காலத்துல எங்க ஆத்தா உச்சி வெயில்ல நாத்து நட்டாங்க, ஒண்ணும் ஆகலை" என்றும் சொல்வோம். ஆகவில்லையா, ஆனதை யாரும் கணக்கில் எழுதவில்லையா? பிரசவத்தில் போனவர்கள், காட்டிலேயே சுருண்டு விழுந்தவர்கள் எல்லார் வீட்டுக் கதையிலும் உண்டு. அப்போது பேர்தான் வேறு. காத்து கருப்பு என்றார்கள், விதி என்றார்கள்.

நம் இயக்கத்துக்கு ஒரு யோசனை வைக்கிறேன். ஒவ்வொரு வட்டாரக் குழுவும் மாதக் கூட்டம் போடுகிறோம், விதை பரிமாறுகிறோம், பண்ணை பார்க்கிறோம். வருசத்தில் இரண்டு கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியரை அழைப்போம். நமக்கும், நம் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் ரத்த அளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்போம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வருகிறது. அவர்கள் வருகிற நேரத்தில் வேலையாட்கள் நம் தோட்டத்தில் இருப்பதால்தான் பல பேர் விட்டுப்போகிறார்கள். அன்று ஒரு மணி நேரம் விடுவது நம் கையில் இருக்கிறது. பெண்களின் உடம்பைப் பற்றிப் பெண்களே கேட்கட்டும். குழுவில் இரண்டு அக்காமார்களாவது இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும்.

சந்தையில் நாம் "நஞ்சில்லா உணவு" என்று பலகை வைக்கிறோம். வாங்குகிறவர் நம்பி, கூட இரண்டு ரூபாய் கொடுக்கிறார். அந்த உணவைக் களை எடுத்துக் காப்பாற்றிய பெண் தாகத்தை அடக்கிக்கொண்டு, பாதி ரத்தத்தோடு நின்றார் என்றால், பலகையில் எழுதியது பாதிதான் உண்மை. மீதியை உண்மையாக்க வரும் கோடைக்கு முன் ஒரு மறைப்பு கட்டுங்கள். தோட்டத்தில் இரண்டாவது தடவை யார் மயங்கினாலும், பித்தம் என்று சொல்வதற்கு முன் ரத்தம் பார்க்கக் கூட்டிப் போங்கள்.